கோட்டூர்புரத்து இசையரசியார்

முன்னுரை

அடையாற்றின் தென்கரையில் அமைந்துள்ள கோட்டூர்புரத்துக்கு நம் கல்லூரி மாணவர் அடிக்கடி செல்வதுண்டு. 2010ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமே அதற்குக் காரணம். தேர்வுக் காலங்களில் காலையிற் சென்று மாலையில் மீள்வோர் பலர். அந்நூலகம் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்வரையில், அதே கோட்டூர்புரத்தில், 'சிவம் சுபம்' என்னும் பெயர் பூண்ட இல்லத்தில், ஒரு மூதாட்டியார் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பதனை அவருட் சிலரே அறிவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மறைந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரே அவர்.

அம்மையாரின் பெயரை அறியாத தமிழர் இலர். வைகறையில் வேங்கடேச சுப்ரபாதம் ஒலிக்கும் தெருக்களில் வளர்ந்தவர் எச்சமயத்தவராயினும் அக்குரலைக் கேட்டே வளர்ந்தனர். ஆதலின் அவரைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. புகழ்வார் பலர் உளர். ஒரு சமூகம் ஒரு குரலை விரும்புகின்றது. ஆனால் அக்குரலுக்குரியாரைச் சரியாசனத்தில் இருத்தத் தயங்குகின்றது. அந்நிலையில் மூடிய கதவு எவ்வாறு திறக்கின்றது? திறப்பவர் யாவர்? உள்ளே நுழைபவர் கொடுக்கும் விலை யாது? அம்மையாரின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே நம் கருத்து.

மேல்நாட்டில் ஓர் ஒப்புமை

நம் நாட்டுச் செய்தியை நன்கு விளங்கிக்கொள்ளும் பொருட்டு, முதற்கண் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம். மேல்நாட்டார் 'ஆப்பெரா' என வழங்கும் கலை, உரையாடல் முழுவதும் பாட்டாகவே அமைந்த நாடகமாகும். நம் நாட்டில் அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தையும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தையும் நினைப்போர்க்கு அதன் இயல்பு ஒருவாறு புலனாகும். ஆயினும் வேற்றுமையும் உண்டு. அங்கே பல வாத்தியங்களின் பெருமுழக்கத்துக்கு மேலாக, ஒலிபெருக்கியின் துணையின்றி, பெருங்கூட்டத்தார் செவியில் விழும்படி பாடுதல் வேண்டும். பெண் குரல்களில் மிக உயர்ந்த நிலையில் இயங்குவதைச் 'சொப்ரானோ' என்றும், தாழ்ந்து ஆழ்ந்து இயங்குவதைக் 'கான்ட்ரால்டோ' என்றும் கூறுவர். நாடகத் தலைவியின் பாத்திரம் பெரும்பாலும் சொப்ரானோவுக்கே உரியது. ஆதலின், அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணொருத்தி சொப்ரானோவாக மேடையேறுதல், அரசியாகவும் காதலியாகவும் வெள்ளையர் முன் நிற்பதேயாகும். அவ்வாறு நிற்க அவளை விடுவதற்கு அந்நாடு நெடுங்காலம் மறுத்தது.

அடிமையாயிருந்த ஒருவரின் மகளாகப் பிறந்த சிசரெட்டா ஜோன்ஸ் என்பவர் 1892ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகையில் பாடினார். பின்னர்க் கார்னகி மண்டபம் எனப் பெயர் பெற்ற நியூயார்க் அரங்கிலும் அவ்வாண்டே பாடினார். ஆங்குப் பாடிய முதற் கறுப்பினப் பாடகர் அவரே என்பர். அடலினா பட்டி என்னும் புகழ்பெற்ற பாடகியின் பெயரைச் சேர்த்துப் பத்திரிகைகள் அவரைக் 'கறுப்புப் பட்டி' என்று அழைத்தன. அப்பட்டத்தை அவர் விரும்பவில்லை. மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கின் கதவு அவருக்குத் திறக்கப்படவேயில்லை. வேடிக்கைக் கூத்துகளுக்கிடையே ஆப்பெராப் பகுதிகளைப் பாடும் ஒரு சுற்றுக் குழுவை நடத்தி, இறுதியில் வறுமையுற்று, 1933ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவர் மரியான் ஆண்டர்சன் என்னும் கான்ட்ரால்டோ. இளமையில் ஓர் இசைப்பள்ளிக்குச் சேரச் சென்றபோது நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். 1939ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரின் பெருமண்டபம் ஒன்று, அதனையுடைய மகளிர் சங்கத்தாரால் அவருக்கு மறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் மனைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அச்சங்கத்தினின்றும் விலகினார். ஏப்ரல் 9ஆம் நாள் ஆபிரகாம் லிங்கனின் நினைவு மண்டபப் படிகளில் நின்று ஏறக்குறைய 75,000 மக்கள் முன்னிலையில் மரியான் பாடினார். மண்டபம் மறுத்த குரலை வெட்டவெளி ஏற்றது. மெட்ரோபாலிட்டன் அரங்கில் அவர் அடிவைத்ததோ 1955ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாளில்தான். அப்போது அவருக்கு ஏறத்தாழ ஐம்பத்தெட்டு வயது. அவர் திறந்த கதவின் வழியே 1961ஆம் ஆண்டில் நுழைந்தவர் லியோன்டைன் பிரைஸ் என்னும் சொப்ரானோ. மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரொன்றில், மருத்துவச்சித் தொழில் புரிந்த தாய்க்கு மகளாகப் பிறந்தவர் இவர். முதல் நாளிரவு நாடகம் முடிந்தபின் அவையோர் நாற்பது மணித்துளிக்கும் மேலாகக் கைகொட்டி ஆரவாரித்தனர் என்பது வரலாறு.

நிற்க. இனி நம் நாட்டுக்கு வருவோம்.

பிறப்பும் இளமையும்

சுப்புலட்சுமி அம்மையார் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு, வீணையில் வல்லவர். பாட்டியார் அக்கம்மாள், பிடிலில் தேர்ந்தவர். தமையனார் சக்திவேல் மிருதங்கமும், தங்கையார் வடிவாம்பாள் வீணையும் பயின்றவர்கள். பிறந்த வீடே ஓர் இசைப்பள்ளியாக இருந்தது எனல் மிகையன்று.

ஆயினும் அவ்வீட்டுக்குப் புறத்தே நிலைமை வேறு. கோயில்களையும் அரசவைகளையும் சார்ந்து வாழ்ந்த தேவதாசி மரபினர்தம் குலம் அது. தென்னாட்டு இசையையும் பரதக் கலையையும் பல தலைமுறையாகக் காத்துவந்தவர்கள் அம்மரபினர். செல்வர்கள் அவர்தம் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தனர். ஆனால் தம் இல்லத்துப் பெண்டிரோடு சமமாக அவர்களை இருத்தியதில்லை. அம்மரபில் பிறந்த பெண்ணுக்குத் திருமணம் என்னும் சடங்கும் வழக்கமாக இருந்ததில்லை. பிள்ளைகள் தாயின் பெயராலேயே அறியப்பட்டனர். எம். எஸ். என்னும் ஈரெழுத்துகள் 'மதுரை சண்முகவடிவு' என விரியும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நாட்டில், ஊரையும் தாயையும் முன்னெழுத்தாகக் கொண்ட பெயர் அது. இதனை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். இறுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

சிறுமியின் பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. இசைக் கல்வியை மதுரை ஸ்ரீநிவாச அய்யங்காரிடம் தொடங்கி, பின்னர்ச் செம்மங்குடி ஸ்ரீநிவாச அய்யர், முசிரி சுப்பிரமணிய அய்யர் முதலிய பெருவித்துவான்களிடம் வளர்த்துக்கொண்டார். வடநாட்டுச் சங்கீதத்தைச் சித்தேசுவரி தேவியாரிடம் பயின்றார். கற்றலை ஒருநாளும் நிறுத்தாமையே அவருடைய கல்வியாயிற்று.

கதவைத் திறந்த கருவிகள்

அம்மையாரின் குரல் மாந்தர்தம் மனமாற்றத்தால் மட்டும் நாடெங்கும் பரவியதன்று. அதற்கு முன்னரே சில கருவிகள் வழிவிட்டன. இவற்றை மாணவர் நன்கு கவனித்தல் வேண்டும்.

முதலாவது, கிராமபோன். இந்தியக் குரல்களைத் தட்டில் பதிக்கும் தொழில் 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கவுஹர் ஜான் என்னும் பாடகியின் குரலோடு வளரத் தொடங்கிற்று. மதிப்புமிக்க குடும்பத்துப் பெண்கள் பாட முன்வராத அக்காலத்தில், தட்டுகளில் பாடிய பெண்மணிகளுட் பெரும்பாலார் மரபுவழிக் கலைஞர்களே. சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு அவருடைய பத்தாம் வயதளவில் வெளிவந்தது. பாடியவரை வீட்டினுள் அழைக்க நாணிய குடும்பத்தாரும் அத்தட்டை வாங்கிவந்து கூடத்தில் வைத்துக் கேட்டனர். இவ்வாறு ஆளுக்கு முன்னே குரல் உள்ளே சென்றது.

இரண்டாவது, ஒலிபெருக்கி. அது வருமுன் பெருங்கூட்டத்தில் பாடுவோர் உரத்த குரலில் உயர்ந்த சுருதியில் பாடியாக வேண்டும். 1930களில் மேடைகளில் ஒலிபெருக்கி பரவியபின் ஆண்கள் ஒரு கட்டையளவுக்குச் சுருதியைத் தாழ்த்திக்கொண்டனர். பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டித் தம் இயற்கைச் சுருதியிலேயே பாடலாயினர். நுண்ணிய கமகமும் மெல்லிய நாதமும் கடைசி வரிசையில் இருப்போர்க்கும் கேட்டன. ஆப்பெராப் பாடகியர் தொண்டை வலிமையாலே வென்ற அரங்கத்தை, நம் நாட்டுப் பாடகியர் கருவித் துணையால் வென்றனர் எனலாம்.

மூன்றாவது, வானொலியும் பேசும் படமும். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிற்று. அதே ஆண்டில் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'சேவாசதனம்' என்னும் படத்தில் சுப்புலட்சுமி நடித்தார். பிரேம்சந்தின் புதினத்தைத் தழுவிய அக்கதை, பொருந்தா மணத்தினாலும் வரதட்சிணைக் கொடுமையினாலும் நெறிதவறித் தள்ளப்பட்ட பெண்ணொருத்தியின் துயரை உரைப்பது. எம்மரபுப் பெண்கள் இழிக்கப்பட்டனரோ அம்மரபில் பிறந்தவரே அத்துயருக்குக் குரலும் முகமும் ஆனார். பின்னர் 1940இல் 'சகுந்தலை', 1941இல் நாரதர் வேடம் தாங்கிய 'சாவித்திரி', 1945இல் தமிழிலும் 1947இல் இந்தியிலும் 'மீரா' என மூன்று படங்கள் வந்தன. மீராவின் இந்தி வடிவில் சரோஜினி நாயுடு அம்மையார் தோன்றி இவரை நாட்டினருக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதனோடு அம்மையார் நடிப்பை விட்டார்.

கதவைத் திறந்த கைகள்

கருவிகள் குரலுக்கே கதவு திறந்தன; ஆளுக்குக் கதவு திறக்க மனிதர் கைகள் வேண்டியிருந்தன. அக்கைகளுட் பல பெண்களுடையவை.

பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பார் அதே மரபில் தோன்றியவர். திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகராச சுவாமிகளின் சமாதியைத் தம் செல்வமெல்லாம் செலவிட்டு எழுப்பியவர். ஆயினும் அங்கே ஆண்டுதோறும் நிகழ்ந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. கோயில் எடுத்தவர்க்கே பாடும் உரிமை இல்லை என்னும் விந்தையைக் கண்டு அவர் வாளாவிருந்திலர். பெண்களுக்கெனத் தனியே ஓர் ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டையொட்டிப் பிரிந்த கட்சிகள் ஒன்றுபட்டன, பெண்கள் பாடலாயினர்.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தாயாரும் அம்மரபைச் சார்ந்தவரே. 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்த அவர், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். கோட்டூர்புரத்தினின்றும் நெடுந்தொலைவில் அன்று, அடையாற்றிலேயே, ஆதரவற்ற சிறுமியருக்கென அவர் நிறுவிய அவ்வை இல்லம் உள்ளது. அவர் தொடங்கிய முயற்சி 1947ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அச்சட்டம் பல சிறுமியரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கலையையே பிழைப்பாகக் கொண்ட மூத்த பெண்டிர் பலர் அதனால் மேடையும் ஊதியமும் இழந்து வாடினர் என்பதனையும் மறைத்தல் முறையன்று. தீமையைக் களையும்போது பயிரும் சில இடங்களில் பறிக்கப்பட்டது.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். காஞ்சிபுரத்தில் 1919ஆம் ஆண்டில் பிறந்த டி. கே. பட்டம்மாள் அந்தணர் குலத்தவர். அவர்க்கு மதிப்பு இருந்தது, மேடை இல்லை. குலப்பெண் நாலுபேர் முன்னிலையில் பாடுவதாவது என்று சுற்றத்தார் தயங்கினர். சுப்புலட்சுமிக்கோ மேடை இருந்தது; மதிப்பு இல்லை. ஒருவர் உள்ளிருந்து வெளியே வர முயன்றார். மற்றவர் வெளியிலிருந்து உள்ளே வர முயன்றார். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே வாயிற்படியில் வந்து நின்றனர். இராகம், தானம், பல்லவி என்பது ஆண்களுக்கே உரிய கடும்பயிற்சி என்றிருந்த எண்ணத்தைப் பட்டம்மாள் தம் வன்மையால் தகர்த்தார். பெண்களுக்குப் பக்கம் வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்த பாலக்காடு மணி அய்யரே பின்னர்ப் பட்டம்மாளுக்கு மிருதங்கம் வாசித்தார். ஒருவர்க்காகத் திறந்த கதவு மற்றவர்க்கும் பயன்பட்டது.

கொடுத்த விலை

1936ஆம் ஆண்டளவில் சுப்புலட்சுமி மதுரையை நீங்கிச் சென்னைக்கு வந்தார். 1940ஆம் ஆண்டில் திருநீர்மலையில் டி. சதாசிவம் என்னும் தேசபக்தரை மணந்தார். சதாசிவம், 'கல்கி' கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து 1941இல் 'கல்கி' வார இதழைத் தொடங்கியவர். 'சாவித்திரி' படத்தில் அம்மையார் பெற்ற ஊதியமே அவ்விதழுக்கு முதலாயிற்று. மதுரையில் தாசி மரபில் தோன்றிய பெண், சென்னையில் அந்தணர் இல்லத்தின் தலைவியானார். அவரது மூக்குத்தியும், கொண்டைப் பூவும், பட்டுப்புடவையும் நாட்டிலுள்ள குடும்பப் பெண்டிர்க்கெல்லாம் மாதிரியாயின. குலமகளிர் எவரை ஒருகாலத்தில் அணுகாது நின்றனரோ, அவரையே போல உடுக்க விரும்பினர்.

இதனை வெற்றியென்று கூறலாம், வெற்றிதான். ஆயினும் நடுவுநிலையோடு எழுதுவோன் மற்றொன்றும் சொல்லல் வேண்டும். எப்பாட்டு, எந்த வரிசை, எவ்வளவு நேரம் என்பனவற்றைக் கணவரே வகுத்தார் என்பது அக்காலத்தார் அனைவரும் அறிந்தது. காதற்சுவை மிக்க பதங்களும் ஜாவளிகளும் தாய்வழி மரபின் தனிச்சொத்து. அம்மையார் மேடையில் அவை பின்னடைய, பக்திப் பாடல்களே மேலோங்கி நின்றன. மதுரை இளமையைக் குறித்து அவர் பொதுவில் மிகுதியாகப் பேசியதில்லை. உள்ளே வருவோரிடம் உலகம் கேட்கும் வரி இதுவே: வா, ஆனால் வந்த வழியைப் பேசாதே. சிசரெட்டா ஜோன்ஸுக்கு வேறொருத்தியின் பெயரைச் சூட்டிய உலகமும் இவ்வரியையே வேறு வகையிற் கேட்டது.

அம்மையார் அவ்வரியை விரும்பிச் செலுத்தினாரோ, வேறு வழியின்றிச் செலுத்தினாரோ என்று தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. கணவரைத் தம் வழிகாட்டியெனவே அவர் இறுதிவரை போற்றினார். ஆயினும் ஆயிரம் பெண்களுள் ஒருவர் செலுத்தக்கூடிய வரியை எஞ்சியோர் செலுத்த இயலாது என்பதனை நாம் நினைத்தல் தகும். அதே தெருவில் அதே வீணையைப் பயின்ற பெண்கள் எத்தனையோ பேர் பெயரின்றி மறைந்தனர்.

ஈகையும் சிறப்பும்

அம்மையார் தம் பாட்டால் ஈட்டிய பொருளைத் தமக்கென வைத்துக்கொண்டாரல்லர். 1944ஆம் ஆண்டில் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடியது தொட்டு, மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் சமய நிலையங்களுக்கும் எண்ணிறந்த கச்சேரிகளின் வருவாயை முழுவதும் ஈந்தார். 1974ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்சேசே பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது; அது கலைக்கென்றன்றிப் பொதுத்தொண்டுக்கென்றே வழங்கப்பெற்றது என்பது கருதத்தக்கது.

சிறப்புகளுட் சிலவற்றை ஆண்டு முறையில் கூறுவோம். 1954இல் பத்மபூஷண், 1956இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 1968இல் சென்னை மியூசிக் அகாதமியின் 'சங்கீத கலாநிதி', 1975இல் பத்மவிபூஷண், 1998இல் பாரத ரத்னம். இவற்றுள் சங்கீத கலாநிதியைப் பற்றி ஒரு சொல். 1928ஆம் ஆண்டில் தோன்றிய அகாதமி, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒரு பெண்மணியை அப்பீடத்தில் இருத்திற்று. அம்மையாரே அவ்வாறு அமர்ந்த முதற் பெண்மணி. கதவு ஒருமுறை திறந்தபின் மற்றவர் வருகை விரைந்தது: 1970இல் பட்டம்மாள், 1973இல் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, 1977இல் எம். எல். வசந்தகுமாரி. பாரத ரத்னம் பெற்ற முதல் இசைக்கலைஞரும் அம்மையாரே.

நியூயார்க்கில் இரு குரல்கள்

மேலே அமெரிக்கச் செய்தியைக் கூறிவந்ததன் காரணம் இங்கே விளங்கும். 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் நியூயார்க் நகரில் மெட்ரோபாலிட்டன் அரங்கின் புதிய மாளிகை திறக்கப்பெற்றது. முதல் நாள் நாடகத்தில் கிளியோபாத்ரா என்னும் எகிப்திய அரசியாக நின்று பாடியவர் லியோன்டைன் பிரைஸ். கறுப்பினத்தவர்க்கு முன்னொருகால் அடைத்திருந்த அதே நிறுவனம், தன் புதுமனையின் முதல் குரலாக அவரைத் தேர்ந்தது. அந்நாளே சுப்புலட்சுமி அம்மையாருக்கு ஐம்பது வயது நிரம்பிய நாள்.

ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 23ஆம் நாள், அதே நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மண்டபத்தில் அம்மையார் பாடினார். அச்சபையில் உயர்பதவி வகித்த சி. வி. நரசிம்மன் என்னும் தமிழர் அதற்குத் துணைநின்றார். மகள் முறையினரான இராதா உடன் பாட, வி. வி. சுப்பிரமணியம் பிடிலும், டி. கே. மூர்த்தி மிருதங்கமும், விநாயக்ராம் கடமும் வாசித்தனர். காஞ்சிப் பெரியவர் இயற்றிக் கொடுத்த உலக நட்பை வேண்டும் வடமொழிப் பாடலும், இராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனைப் பாடலும் அன்று ஒலித்தன. இவ்வாங்கிலப் பாடலுக்கு மேல்நாட்டு முறையில் இசையமைத்தவர் ஹாண்டல் மானுவேல் என்னும் சென்னைக் கிறிஸ்தவ இசைஞர். மடாதிபதி ஒருவர், அரசியல் அறிஞர் ஒருவர், கிறிஸ்தவ இசைஞர் ஒருவர் ஆகிய மூவரின் படைப்பும் மதுரைத் தெருவில் பிறந்த ஒரு பெண்ணின் குரலில் ஒன்றாயின. நம்மனோர்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

1977ஆம் ஆண்டில் அம்மையார் கார்னகி மண்டபத்திலும் பாடினார். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிசரெட்டா ஜோன்ஸ் பாடிய அரங்கு அதுவே. இவ்விருவரும் வேறு நாட்டினர், வேறு மொழியினர், வேறு இசையினர். ஒருவர் இடர் மற்றவர் இடரோடு முற்றும் ஒத்ததன்று. அடிமைத்தனமும் நிறவெறியும் ஒன்று, மரபால் வந்த இழிவு மற்றொன்று. ஆயினும் கேட்போர் செவி குரலை ஏற்ற பின்னும் மனம் ஆளை ஏற்கக் காலம் கேட்டது என்பதில் இரண்டும் ஒன்றே.

கோட்டூர்புரத்து நாட்கள்

கீழ்ப்பாக்கத்தில் 'கல்கி தோட்டம்' எனப் பெயர் பெற்ற பெருமனையில் அம்மையார் குடும்பம் நெடுங்காலம் வாழ்ந்தது. தலைவர்களும் அறிஞர்களும் வந்துபோன இல்லம் அது. எழுபதுகளின் இறுதியில் பொருள் நெருக்கடி நேர, அம்மாளிகை கைவிட்டுப் போயிற்று. எளிய வாழ்க்கைக்கு இறங்கிய அந்நாளிலும் அம்மையாரின் முகம் வாடியதாக ஒருவரும் கூறியதில்லை. அறுபது வயதைக் கடந்தபின் திருப்பதி தேவஸ்தானத்துக்காக அன்னமாச்சாரியார் கீர்த்தனங்களைப் புதிதாகக் கற்றுப் பதிவு செய்தார். தெலுங்குச் சொற்களின் ஒலிப்பைப் பிழையறப் பயின்ற பின்னரே பாடினார். வடமொழியாயினும் இந்தியாயினும் பொருளறியாது ஒரு சொல்லையும் பாடுவதில்லை என்பது அவருடைய விரதம்.

பின்னர்க் கோட்டூர்புரத்தில் குடியேறினர். 1997ஆம் ஆண்டு நவம்பரில் சதாசிவம் காலமானார். அதன்பின் அம்மையார் பொதுமேடை ஏறவில்லை. பாரத ரத்னம் வந்தது அவர் பாட்டை நிறுத்திய பின்னரே. டிசம்பர் மாதம் சென்னை நகரின் இசை மாதம்; சபைகள்தோறும் சுருதிப்பெட்டி ஒலிக்கும் காலம். 2004ஆம் ஆண்டின் அம்மாதத்திலேயே, தம் எண்பத்தெட்டாம் வயதில், அம்மையார் மறைந்தார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! பெரியோர் வரலாற்றைப் படித்து வியந்து நின்றுவிடுதல் எளிது. வியப்போடு ஒரு வினாவையும் எழுப்பிக்கொள்ளுதல் நன்று. இன்றும் நாம் எத்தனையோ குரல்களை விரும்பிக் கேட்கின்றோம். பறையும் நாதசுரமும் நம் திருவிழாக்களில் முழங்குகின்றன; இறுதி ஊர்வலங்களில் ஒப்பாரி நம் கண்களில் நீரை வருவிக்கின்றது. அவற்றை வாசிப்பாரும் பாடுவாரும் நம் பந்தியில் நம்மோடு அமர்கின்றனரா? அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்பறையில் நம் பக்கத்து இருக்கையில் உளரா? உளரெனின், தம் தாய் தந்தையர் தொழிலை அஞ்சாது வாய்விட்டுச் சொல்லும் நிலையில் உளரா? இவ்வினாக்களுக்கு விடை 'ஆம்' என்று வருமளவும் கதவு முழுதும் திறக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

முன்னர்க் கூறிய இரண்டெழுத்துகளுக்கு மீள்வோம். திருமணத்தால் நிலைமாறியபோதும், நாடு முழுவதும் வணங்கியபோதும், ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோதும் அம்மையார் அவ்வெழுத்துகளை விட்டாரில்லை. தம் இளமையைப் பற்றி அவர் பேசாதிருந்தார். ஆனால் அவர் பெயர் பேசிற்று. எம். எஸ். என்று நாம் சொல்லுந்தோறும், மதுரையில் வீணை வாசித்த சண்முகவடிவு என்னும் ஒரு தாயின் பெயரைச் சொல்லுகின்றோம். அடுத்த முறை கோட்டூர்புரம் நூலகத்துக்குச் செல்லும் மாணவர், அவ்வூரிலே வாழ்ந்த மகளோடு மதுரைத் தாயையும் ஒருகணம் நினைப்பாராயின் இக்கட்டுரை பயனுடையதாகும்.